என் உறையில் வந்த கோமுக்காவின் கடிதம்

என் கோப்பில் உள்ள கடிதங்களில் ஒன்று மட்டும் எனக்கு எழுதப்பட்டதல்ல; அதில் தேதியும் இல்லை.

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். முன்னும் பின்னும் எழுத்து. பாதிவரை நீல மை, பிறகு கறுப்பு. இரண்டாம் தாளின் ஓரத்தில் ஒரு பூனை. அதன் வால் எழுத்துக்குள் புகுந்து மூன்று வரிகளை வளைய வைத்திருக்கிறது. தேதி இருக்க வேண்டிய வலது மூலையில் என்னுடைய "வரப்பெற்றது" முத்திரை, ஊதா மையில்.

முதல் வரி இது: "கோமுக்கா, தேதி சாருக்கு எழுதி முடிச்சிட்டேன். அப்பாடா. இனிமே உனக்கு."

தேதி சார் என்பது நான்தான். எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதை அந்த வரியில்தான் தெரிந்துகொண்டேன்.

கோப்பில் இருப்பது நகல். அசல் கள்ளிக்குப்பத்தில் கோமுக்காவிடம் இருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதைதான் இந்த வாரம். இரண்டு எச்சரிக்கைகள். பெயர்கள் மாற்றப்பட்டவை. தேதிகளையும் எடுத்துவிட்டேன், கடிதம் எழுதிய குழந்தையை யாரும் அடையாளம் காணக்கூடாது என்று அவள் வளர்ந்த இல்லத்தார் கேட்டுக்கொண்டார்கள். நியாயமான வேண்டுகோள். ஆனால் தேதி போடாமல் எழுதுவது எனக்கு வேட்டி இல்லாமல் தெருவில் நிற்பது மாதிரி இருக்கிறது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஏரியைப் பார்த்த மாடி

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்தபடி ஒரு குழந்தைகள் இல்லம். பெற்றோர் இல்லாதவர்கள், தாய் தந்தையில் ஒருவர் மட்டும் இருந்தும் அவரால் வளர்க்க முடியாதவர்கள் என்று நாற்பது பெண் குழந்தைகள். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கையோடு, அங்கே ஒரு குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டேன். அவளைக் கயல் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஐந்தாம் வகுப்பு.

இல்லத்தின் வழக்கம் ஒரு குழந்தைக்கு இரண்டு பொறுப்பாளர்கள். ஒருவர் கட்டணம், இன்னொருவர் உடை முதலியன. ஒருவர் யாரென்று மற்றவருக்குச் சொல்ல மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கடித நாள். பிள்ளைகள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து எழுதி, தாங்களே பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, உறையின் மூலையில் "க" அல்லது "உ" என்று குறிப்பார்கள். கட்டணம், உடை. அதைப் பார்த்து அலுவலகத்தில் முகவரி ஒட்டுவார்கள்.

கயலின் முதல் கடிதம் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், உடனே பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதற்கும் நகல் இருக்கிறது. "அன்புள்ள கயல், உன் கடிதத்தில் தேதி இல்லை. தேதி இல்லாத கடிதம் எப்போது வேண்டுமானாலும் எழுதப்பட்டிருக்கலாம்."

அதோடு நிற்கவில்லை. குழந்தைக்கு எழுதச் சிரமமாக இருக்கும் என்று எண்ணி ஒரு படிவம் தயாரித்து, நூறு பிரதி எடுத்து அனுப்பினேன். நாள். வகுப்பு. தேர்வு மதிப்பெண்கள், பாடவாரியாக. படித்த நூல்கள். உடல்நலம். பிற.

முப்பது வருடம் பரிசோதனைப் பிரிவில் இருந்தவனுக்கு ஒரு பொருள் சரியாக இருக்கிறது என்பதை அறிய வேறு வழி தெரியாது. எட்டு வருடம் அந்தப் படிவம் ஒருமுறைகூடத் தவறாமல் நிரப்பப்பட்டு வந்தது. முத்து முத்தான எழுத்து. "பிற" என்ற இடத்தில் எப்போதும் ஒரே சொல்: "நலம்."

வரும் கடிதங்களுக்கு முத்திரை குத்தி, துளையிட்டு, கோப்பில் சேர்ப்பேன். என் மனைவி பார்வதி திருநெல்வேலிக்காரி. "இது புள்ளையா, இல்ல உங்க ஃபேக்டரி சாமானா?" என்று கேட்டிருக்கிறாள். அது எந்த வருடம் என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.

முத்திரை முந்திக்கொண்டது

பொங்கல் கழிந்து, வாசலில் கரும்புச் சக்கை காய்ந்து கிடந்த ஒரு பகல். கயல் பன்னிரண்டாம் வகுப்பு. கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் பழுப்பு உறை விழுந்தது. வழக்கம்போல உறையைக் கத்தரித்தேன், தாளை விரித்தேன், படிக்கும் முன்பே முத்திரையைக் குத்தினேன். அதற்குப் பிறகுதான் அது என் படிவம் இல்லை என்று தெரிந்தது.

உடனே மடித்து வைத்திருக்க வேண்டும். படித்தேன். இரண்டு முறை.

வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட் குழாயை உறிஞ்சும்போது திரவம் வாய்க்குள் போய்விட்டதாம். "மிஸ் உப்புத் தண்ணிதான்டின்னு சிரிக்கிறாங்க. நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணி யாருக்கு என் கம்பளியைக் குடுக்கிறதுன்னு யோசிச்சிட்டேன். உனக்குத்தான்." கள்ளிக்குப்பத்தில் கோமுக்காவின் தையல் கடைக்கு எதிரே புரோட்டா கடை வந்துவிட்டதே, இனி தைக்கிற துணியெல்லாம் சால்னா மணக்குமே என்று கேலி. பூனை குட்டி போட்ட சேதி. கணக்கு மிஸ்ஸைப் பிடிக்காத காரணங்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

எட்டு வருடக் கோப்பில் அவள் சிரித்ததாக ஒரு குறிப்புகூட இல்லை.

பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்குக் காதில் தொடங்கியது. மடல்கள் சூடாகி, கண்ணாடியின் காதுக்கம்பி உறுத்தியது. கட்டணம் கட்டுகிறவன் நான். புத்தகம் வாங்கி அனுப்பியவன் நான். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது மூன்று மாதம் கழித்து அதை "உடல்நலம்" பகுதியில் படித்துக் கவலைப்பட்டவன் நான். உடைப் பொறுப்பில் சட்டை தைக்கிற ஒருத்திக்குப் பூனை, எனக்கு மதிப்பெண்ணா?

கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன்.

"போட்டோவுக்கு நீதான் வரணும். ஒருநாள் கடையப் பூட்டினா குடி முழுகாது. அடுத்த மாசம் மொத சனிக்கிழமைக்குள்ள ஸ்டெல்லா மேடத்துக்கு போன் பண்ணி வரேன்னு சொல்லு. நீ சொல்லலைன்னா கட்டணம் கட்றவங்க பேரத்தான் போடுவாங்க. தேதி சார் நல்லவரு. ஆனா அவர் பக்கத்துல உக்காந்தா எனக்கு மார்க்குதான் ஞாபகம் வரும்."

போட்டோ என்றால் சாதாரணமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் பெண்ணை, அவள் விரும்பும் ஒரே ஒருவருடன் உட்காரவைத்துப் படம் எடுத்து மாடித் தாழ்வாரத்தில் மாட்டுவார்கள். கீழே "என் வீட்டார்" என்று எழுதியிருக்கும். யாரை அழைக்கிறாள் என்பதைப் பெண்ணே கடித நாளில் எழுதிக் கேட்க வேண்டும். அந்த நபர் தானாக போன் செய்ய வேண்டும். அலுவலகம் நினைவூட்டாது. விருப்பத்தோடு வருகிறவர்தான் வீட்டார் என்பது அவர்கள் எண்ணம்.

அந்தத் தாழ்வாரத்தில் எனக்கான இடத்தை எட்டு வருடமாகப் பார்த்து வைத்திருந்தேன். ஜன்னலை அடுத்து, ஏரி வெளிச்சம் விழும் சுவர்.

கடிதத்தைத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

முருங்கை மர வீடு

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்; இது என் முதல் குற்றம் அல்ல.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், முருங்கை மரம் உள்ள மூலை வீட்டுக்கு நானும் உடன் வேலை பார்த்த ஏகாம்பரமும் விண்ணப்பித்தோம். அவருக்குக் கிடைத்தது. அவர் மனைவி நல்ல மாதிரி. காய்த்தபோதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் அனுப்புவார். அந்த வருட நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ஏகாம்பரம் வீட்டிலிருந்து முருங்கைக்காய். வாங்கிக்கொண்டேன். சாப்பிடவில்லை." பதினேழு பதிவுகள். பார்வதியும் பையனும் சாம்பாரை வழித்துச் சாப்பிடுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்ச்சோறு.

ஏகாம்பரத்துக்கு இது கடைசிவரை தெரியாது. அதுதான் பொறாமையின் விசேஷம். பட்டினி நமக்கு, காய் அவர்களுக்கு.

பழங்காலத்து நாட்குறிப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். கப்பல் வந்த நாள், மழை பெய்த நாள், நெல் விலை எல்லாம் இருக்கும். இன்னாரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதாததால் அவர்களுக்கு எரியவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வெள்ளைச் சட்டை

முதல் சனிக்கிழமை கடந்தது. திங்களன்று ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். அவர்தான் இல்லத்தின் காப்பாளர்.

"சார், கயல் போட்டோவுக்கு உங்க பேரப் போட்டிருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில. வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க, பின்னாடி சுவர் நீலம்."

"வருகிறேன்" என்றேன்.

"குழந்தை நாலஞ்சு தடவை ஆபீசுக்கு வந்துடுச்சு சார். போன் வந்துச்சா மேடம், போன் வந்துச்சா மேடம்னு. சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் போன் பக்கத்துலயே நின்னுச்சு. வரலைன்னதும் மாடிக்குப் போயிடுச்சு. நீங்க மறந்திருப்பீங்கன்னு நான்தான் சமாதானம் சொன்னேன். இப்ப நீங்க வர்றீங்கன்னு சொன்னா துள்ளிக் குதிக்கும்."

அவள் நின்றது எனக்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பார்வதி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்தவள் பூனைப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு வரைஞ்சது? கயலா? நல்லாருக்கே. என்ட்ட ஏன் காட்டல?"

வாங்கிப் படித்தாள். சிரித்தாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அடுத்தவுக கடுதாசியவா வச்சிக்கிட்டு இருக்கிய? இதுக்கு சீல் வேறயா?"

"தவறுதலாக வந்தது."

"வந்தது தவறுதலு. இத்தன நாளு இருந்தது?"

சட்டையின் ஒரு கை இஸ்திரி போட்டும் மறு கை சுருங்கியும் கிடந்தது. அவள் அதைத் தொடவேயில்லை.

கள்ளிக்குப்பம்

அன்றே அம்பத்தூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கள்ளிக்குப்பம் போனேன். புரோட்டா கடையைத் தேடினேன். எதிரே தையல் கடை. கடிதம் சொன்னது சரி. சால்னா வாசனையில் ரவிக்கைகள் தொங்கின.

மெஷினில் இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி.

"கோமதி என்பது?"

குண்டூசியை எடுத்து ஜாக்கெட் துணியில் குத்தினார். "நான்தான். இன்னா சார், ஊட்டம்மாவுக்கு ப்ளவுஸா?"

"நான் கயலுடைய..."

கோமதி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அளவெடுக்கிற பார்வை. "தேதி சாரா நீ? குந்து சார்."

கடிதத்தைக் கொடுத்தேன். மெஷின் வெளிச்சத்தில் வைத்து, உதடு அசைய, மெல்லப் படித்தார். குழாய்க் கதைக்கு உரக்கச் சிரித்தார். "கம்பளி எனுக்காம்! பீத்தக் கம்பளி சார் அது." பிறகு கடைசிப் பத்தி. சிரிப்பு நின்றது. திரும்ப முதல் தாளை எடுத்து, மூலையிலிருந்த ஊதா முத்திரையை விரலால் தேய்த்தார்.

"இது இன்னா சார்? தேதியா?"

"வந்த நாள்."

சுவர்க் காலண்டரைப் பார்த்து விரல் மடக்கினார். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, இன்னும் இரண்டு விரல். "பன்னெண்டு நாளு."

முப்பது வருடம் தொழிற்சாலையில் அப்படியொரு முத்திரையால் எத்தனையோ பேருடைய தாமதத்தைப் பிடித்திருக்கிறேன். என்னுடையதைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் அவர் கத்தியதை விட்டுவிடக் கூடாது என்று கோமதியின் நிபந்தனை. இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அவருக்குப் படித்துக் காட்டினேன். "போடு சார், ஆனா நான் கத்துனத மட்டும் உடாத" என்றார். ஆகவே:

"ஏன் சார், படிச்சவன்தானே நீ? கொயந்த போனாண்டயே பாத்துகினு நின்னிருக்கும் சார். உனுக்கு மனசு கீதா, இல்ல அதுலயும் சீல் குத்தி வச்சிகிறியா? இத்தினி வருசம் பீஸ் கட்னவன், ஒரு போட்டோவுக்கு இப்டி அல்பமா பூட்டியே!"

எதிர்க்கடையில் புரோட்டா தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நின்றாள்" என்றேன். "சனிக்கிழமை ஐந்து மணி வரை நின்றாளாம்."

கோமதி எழுந்து உள்ளே போனார். அட்டை பிய்ந்த நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் நடுவிலிருந்து ஒரு தாளை உருவி என் மடியில் போட்டார். என் படிவம். நாள், வகுப்பு, மதிப்பெண்கள், பாடவாரியாக. பிற: நலம்.

"எனுக்கும் அன்னிக்கே வந்துச்சு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பிரிச்சேன். எய்த்தப் பாரு, கோலம் மாரி. எனுக்கு எய்தும்போது கோயி கிளறுனாப்பல கிறுக்கும். உனுக்குன்னா உக்காந்து முத்து கோக்குது. இந்தாளு மேல எம்மாம் மருவாதின்னு வயிறு எரிஞ்சிச்சு சார். இல்லத்துக்கு போன் போட்டு மாறி வந்துச்சுன்னு சொல்லிருக்கலாம். சொல்லல. போட்ருந்தா அன்னிக்கே போட்டோ விசயமும் தெரிஞ்சிருக்கும்."

நோட்டை மெஷின்மேல் வைத்துவிட்டு என் சட்டைப் பையைச் சுட்டினார்.

"போன் பண்ணு சார். இப்பவே. ஸ்பீக்கர்ல போடு."

ஸ்டெல்லா மேடத்திடம் சொன்னேன். கடிதம் மாறி வந்ததையும், தெரிந்தே வைத்திருந்ததையும். "பேர மாத்திடறேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும் முன் அந்த நீள நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கயலுக்கென்று ஒரு பக்கம். ஒவ்வொரு ஜூனிலும் சீருடைக்காக இல்லத்துக்குப் போய் அளவெடுத்த வரிகள், எட்டு. தோள், கை, மார்பு, நீளம். பென்சில் எண்கள் கீழே இறங்க இறங்கப் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஏழாம் வரியில் ஒரே வருடத்தில் நீளம் மூன்று அங்குலம் கூடியிருந்தது.

"அந்த வருசம் இன்னாமா வளந்துச்சு தெரியுமா? ஜூன்ல தச்சத டிசம்பர்ல தூக்கிப் போட்டேன். அளவு எடுக்கும்போதுதான் சார் பேசும். கைய விரிச்சி நிக்கும், வாயி மட்டும் நிக்காது."

அவளுடைய கணக்கு மதிப்பெண் எந்தப் பருவத்தில் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவள் கை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அந்த நோட்டில் ஒரு தேதிகூட இல்லை. இருந்தும் என் கோப்பைவிட அதுதான் முழுமையான ஆவணம். அதைக் கண்டதும் காது மடல்கள் மறுபடி சூடாயின. மன்னிப்புக் கேட்டுவிட்டால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீலச் சுவர்

ஞாயிறன்று நானும் போனேன். போகாமலே இருந்திருக்கலாம், பார்வதி விடவில்லை. சட்டையின் மறு கையையும் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

கயல் படியிறங்கி வந்தாள். கோமதியைப் பார்த்ததும் ஓடினாள். ஓடிவந்து அப்படியே நின்று, இடுப்பில் கைவைத்து, "போன் பண்றதுக்குக் கைய எங்க வச்சிருந்த?" என்று சண்டை போட்டாள். கோமதி என்னைப் பார்க்காமல், "மெஷின்ல மாட்டிக்கிச்சு, உடு" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கும் நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன்.

நீலச் சுவர் முன் இரண்டு நாற்காலிகள். கோமதி உட்கார்ந்ததும் கயலின் தோள்பட்டைத் தையலை இழுத்துச் சரிசெய்தார். அந்தக் கை அங்கேயே இருக்கும்போது படம் எடுத்துவிட்டார்கள்.

நான் புகைப்படக்காரர் பக்கத்தில் நின்றேன்.

முடிந்ததும் கயல் என்னிடம் வந்தாள். எட்டு வருடப் பழக்கத்தில் கைகட்டி நின்றாள். படத்தின் கீழே மாட்டும் வெள்ளை அட்டையும் ஒரு கறுப்புப் பேனாவும் அவளிடம் இருந்தன. "என் வீட்டார்" என்று அவளே எழுதியிருந்தாள்.

"சார், தேதி மட்டும் நீங்க போடுங்க. நான் போட்டா சரியா இருக்காது."

பேனாவை வாங்கினேன். அட்டையின் மீது வைத்தேன். இந்த வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு அன்றைய தேதி நினைவுக்கு வரவில்லை.

"இன்று என்ன தேதி, கயல்?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு கட்டிய கையை அவிழ்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, கோமதி பக்கம் திரும்பிச் சத்தமாகச் சிரித்தாள். "கோமுக்கா! தேதி சாருக்குத் தேதி மறந்துடுச்சு!"

எதிரில் வைத்தே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வீட்டுக்கு வந்து, "பிற" என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்தேன்.

பின்குறிப்பு

கயல் இப்போது கல்லூரியில் முதல் வருடம். எனக்கு வெள்ளைத் தாளில் எழுதுகிறாள். தேதி சில சமயம் இருக்கிறது, சில சமயம் இல்லை. அரைப் பக்கம். கோமதிக்கு மூன்று பக்கம் என்று கேள்வி.

உறை மாறியது எப்படி என்று விசாரித்தேன். "நாங்கள் மூலையில் உள்ள எழுத்தைப் பார்த்து முகவரி ஒட்டுவதோடு சரி. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதும், எழுத்துப் போடுவதும் குழந்தைதான்" என்கிறது அலுவலகம். எட்டு வருடத்தில் வந்த கடிதங்களின் பட்டியலைச் சரிபார்த்தேன். அதற்கு முன் ஒருமுறைகூட மாறி வந்ததில்லை.

அந்தக் கடிதம் மட்டும் கை தவறி மாறியதா, அல்லது என்னிடம் நேரில் சொல்ல முடியாததை நானே படித்து, கோமதியிடம் சேர்த்துவிடட்டும் என்று அவள் மாற்றிப் போட்டாளா? கயலிடம் நான் கேட்கவில்லை. இந்த விவரம் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.